கம்யூனிட்டி காலேஜில் கணிதம் படித்து யூசி, சிஎஸ்யூ போவது எப்படி: கலிஃபோர்னியா மாணவருக்கு முழு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் கணிதம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) அல்லது சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகம் ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகலாம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் நிறைய. ஆகலாம்தான். ஆனால் அந்த இரண்டு வருடம் மூன்றாகவும் மூன்றரையாகவும் இழுப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். அப்படி இழுத்தவர்களை விசாரித்தால் கணக்கு வராமல் தவித்த கதை குறைவாகவும், முதல் செமஸ்டரில் பாடம் எடுத்த வரிசையில் நடந்த குழப்பம் அதிகமாகவும் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் அதிக இடம்.

1. சேர்வதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளி டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்), ஏபி தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) எழுதியிருந்தால் அதன் அதிகாரபூர்வ மதிப்பெண், இதற்கு முன் எந்தக் கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பு எடுத்திருந்தாலும் அதன் டிரான்ஸ்கிரிப்ட். ஊரில் ஒரு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு விட்டுவந்தவர்கள் அதைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பதுண்டு. வேண்டாம். யூசி விண்ணப்பத்தில் படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே போகும்.

அடுத்து, ரெசிடென்சி, அதாவது கட்டணக் கணக்கில் உங்களைக் கலிஃபோர்னியா மாநிலவாசி என்று ஏற்பது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம். மாநிலவாசி அல்லாதவருக்கு அது பல மடங்கு. எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் கலிஃபோர்னியா ரெசிடென்சி பெற முடியாது. எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான) விசாவில் பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளால் முடியும், உரிய காலம் இங்கே வசித்ததற்கான ஆவணங்கள் இருந்தால். பே ஏரியா தமிழ்க் குடும்பங்களில் இது தெரியாமல் முதல் செமஸ்டருக்கு அதிகக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள், ஏனென்றால் விசா மாறினால் கட்டணக் கணக்கும் மாறும். இதையெல்லாம் பாடம் பதிவு செய்யும் முன்பே அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும், அந்தக் கணக்கில் ஒரு ஆன்லைன் வகுப்புதான் சேரும். ஆகவே ‘கஷ்டமாக இருந்தால் ஒன்றை விட்டுவிடலாம்’ என்ற வசதி உங்களுக்குக் குறைவு. 12ஐ விடச் சற்றுக் கூடுதலாகவே பதிவு செய்யுங்கள்.

2. போகும் இடத்தை முதலில் ஓரளவு முடிவு செய்யுங்கள்

‘முதல் வருடம் பொதுப்பாடங்களை முடிப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மற்ற துறைகளில் சில சமயம் செல்லும். கணிதத்தில் செல்லாது. ஒவ்வொரு வளாகமும் கீழ்நிலையில் (முதல் இரண்டு வருடத்தில்) கேட்கும் பாடங்கள் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுகின்றன, அந்த வேறுபாடு ஒரு முழு செமஸ்டரைத் தின்றுவிடும்.

நான்கைந்து வளாகங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டு ஆசைப்படுவதாக, இரண்டு கிடைக்க வாய்ப்புள்ளதாக, குறைந்தது ஒரு சிஎஸ்யூ. யூசியின் தகவல் மையத் தளத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு மேஜர் (முதன்மைப் பாடத்துறை) வாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எந்த வரம்பில் இருந்தது என்ற விவரம் இருக்கிறது. உறவினர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

மேஜர் பெயரிலும் கவனம் தேவை. யூசி வளாகங்களில் ஒன்றான யூசிஎல்ஏவில் மட்டும் மேத்தமேட்டிக்ஸ், அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ், மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டேஷன், மேத் எகனாமிக்ஸ், ஃபைனான்ஷியல் ஆக்சுவேரியல் என்று பல. பெயரில் மேத் இருக்கிறது என்பதால் தேவைகள் ஒன்றாக இருக்காது: ஒன்று பொருளாதாரப் பாடங்கள் கேட்கும், இன்னொன்று கூடுதல் புரோகிராமிங் கேட்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைக்காது என்று பயந்து கணிதம் கலந்த கணினி மேஜருக்கு விண்ணப்பிக்கிறவர்கள், அங்கேயும் போட்டி உண்டு என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

3. அசிஸ்ட் தளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அசிஸ்ட் டாட் ஆர்க் என்பது கலிஃபோர்னியாவின் அதிகாரபூர்வ ஒப்பந்தத் தளம். உங்கள் காலேஜையும் போக விரும்பும் வளாகத்தையும் மேஜரையும் கொடுத்தால், அங்கே கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எது இணை என்று காட்டும். காலேஜின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரைப் பார்க்கப் போகும் முன் இதை நீங்களே செய்துவிடுங்கள். அரை மணி நேரச் சந்திப்பில் அவரே உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தால் கேட்க வேண்டிய கேள்விக்கு நேரம் இருக்காது.

படிக்கும்போது மூன்று இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது ‘அண்ட்’, ‘ஆர்’ என்ற சின்னச் சொற்கள். யூசி பெர்க்லியின் மேத் 54 என்ற பாடத்தில் லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸும் சேர்ந்தே வருகின்றன. பெரும்பாலான காலேஜ்களில் இவை இரண்டு தனிப் பாடங்கள், ஆகவே அந்த ஒரு 54க்கு இரண்டையும் முடித்திருக்க வேண்டும். யூசிஎல்ஏவில் அதே விஷயம் 33ஏ, 33பி என்று பிரிந்திருக்கிறது. லீனியர் அல்ஜீப்ரா முடித்துவிட்டேன், மேத் 54 ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தவர்கள் இறுதி செமஸ்டரில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, இணைப் பாடம் இல்லை என்று காட்டும் வரி. பதற வேண்டாம். உங்கள் காலேஜில் இல்லாத பாடத்தை முடிக்கவில்லை என்று பொதுவாக யாரும் உங்களைத் தண்டிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு அங்கே எடுக்க வேண்டியிருக்கும். யூசி இர்வைனின் மேத் 13, சான்டா பார்பராவின் மேத் 8 போன்ற நிரூபண அறிமுகப் பாடங்கள் பல காலேஜ்களில் இப்படித்தான் காலியாக இருக்கும். ஆனால் பக்கத்துக் காலேஜில் இணைப் பாடம் இருந்தால் அதை அங்கே எடுத்துக்கொள்வது உங்களுக்கே லாபம்.

மூன்றாவது, கல்வியாண்டு. தளத்தில் வருடம் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் பாடம் எடுத்த வருடத்தின் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பாட எண்கள் இப்போது வேகமாக மாறுகின்றன. மாநிலம் முழுவதும் ஒரே எண் என்ற திட்டம் 2025 இலையுதிர் பருவத்தில் தொடங்கி, ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எல்லாக் காலேஜிலும் ‘இங்கிலீஷ் சி1000’ என்றும் புள்ளியியல் ‘ஸ்டாட் சி1000’ என்றும் ஆகிவிட்டது. பெர்க்லியும் தன் பழைய மேத் 1ஏ, 1பி இரண்டையும் 51, 52 என்று மாற்றிவிட்டது. அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய பட்டியலை வைத்துப் பதிவு செய்ய வேண்டாம்.

நான்கைந்து வளாகங்களின் தேவைகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எல்லோரும் கேட்பது ஒரு வண்ணம், ஒருவர் மட்டும் கேட்பது வேறு வண்ணம். இந்தத் தாள்தான் இனி எல்லாவற்றுக்கும் அடிப்படை.

4. கால்குலஸ் வரிசையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

கணித மேஜரின் முதுகெலும்பு இது: கால்குலஸ் 1, கால்குலஸ் 2, பல மாறிகள் வரும் கால்குலஸ் 3, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். பல இடங்களில் டிஸ்க்ரீட் மேத்தும் சேரும். சான்டா மோனிக்கா காலேஜில் இவை மேத் 7, 8, 11, 13, 15. டி ஆன்சா காலேஜில் 1ஏ முதல் 1டி வரை, பிறகு 2ஏ, 2பி. பெயரும் எண்ணும் எப்படி இருந்தாலும் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள். பொதுப்பாடங்களை எந்த வரிசையிலும் எடுக்கலாம், இதை முடியாது. ஆகவே முதலில் இந்த வரிசையைக் காலண்டரில் பூட்டுங்கள், மிச்ச இடத்தில் மற்றதை நிரப்புங்கள்.

யூசிக்கு, செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஸ்பிரிங் (வசந்தப் பருவம்) முடிவுக்குள் தேவையான பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். ‘கடைசிப் பாடத்தைச் சேருவதற்கு முந்தின கோடையில் முடித்துவிடுவேன்’ என்ற கணக்கு செல்லாது. இந்த ஒரு விதியைத் தெரியாமல் திட்டம் போட்டு ஒரு வருடம் தள்ளிப்போனவர்கள் உண்டு.

செமஸ்டர் காலேஜ் என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதல் ஃபாலில் (இலையுதிர் பருவம்) கால்குலஸ் 1. ஸ்பிரிங்கில் கால்குலஸ் 2. இரண்டாம் ஃபாலில் கால்குலஸ் 3ஐயும் லீனியர் அல்ஜீப்ராவையும் சேர்த்தே எடுங்கள், இரண்டுக்கும் பெரும்பாலும் கால்குலஸ் 2 போதும். கடைசி ஸ்பிரிங்கில் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், டிஸ்க்ரீட் மேத். லீனியர் அல்ஜீப்ராவை ஏன் முன்னுக்கு இழுக்கிறேன் என்றால், அந்த ஃபால் மதிப்பெண்ணை ஜனவரியில் யூசி பார்க்கிறது, ஸ்பிரிங் மதிப்பெண் வரும்போது முடிவு வெளியாகிவிட்டிருக்கும். கணிதத்துக்கு விண்ணப்பிக்கிறவரின் கையில் கால்குலஸ் 2 வரை மட்டும் இருப்பதற்கும், மேலே இரண்டு ஏ இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இந்த வரிசை போட்டதும் செய்ய வேண்டிய வேலை: உங்கள் காலேஜின் கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணையை எடுத்து, கால்குலஸ் 3க்கு மேற்பட்ட பாடங்கள் எந்தப் பருவத்தில் நடந்தன என்று பாருங்கள். சிறிய காலேஜ்களில் லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸும் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் ஆள் சேராவிட்டால் வகுப்பு தொடங்கும் நேரத்தில் ரத்தாகும். மாற்று ஏற்பாடாகப் பக்கத்துக் காலேஜ் ஒன்றையோ, கலிஃபோர்னியா வர்ச்சுவல் கேம்பஸ் வழியாக இன்னொரு காலேஜின் ஆன்லைன் வகுப்பையோ முன்பே பார்த்து வையுங்கள். பதிவு தேதி வந்த அன்று காலையிலேயே பதிவு செய்யுங்கள். மேல்நிலைக் கணித வகுப்பு பெரும்பாலும் ஒரே ஒரு பிரிவுதான்.

குவார்ட்டர் காலேஜிலிருந்து (செமஸ்டரை விடக் குறுகிய பருவங்களில் நடத்துவது) செமஸ்டர் காலேஜுக்குப் பாதியில் மாறுவது இந்த வழியில் இருக்கும் மிக ஆழமான குழி. குவார்ட்டர் காலேஜான டி ஆன்சாவில் முடிவிலித் தொடர்கள் 1சியில் வருகின்றன. செமஸ்டர் காலேஜில் அதே தொடர்கள் கால்குலஸ் 2இன் பிற்பாதி. 1ஏ, 1பி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவருக்குக் கால்குலஸ் 2 முடிந்ததாகவும் இருக்காது, முடியாததாகவும் இருக்காது. ஆகவே கால்குலஸ் தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள். வீடு மாறினாலும் சரி, வேறு காலேஜில் நேரம் வசதியாக இருந்தாலும் சரி.

5. எங்கிருந்து தொடங்குவது

2022இல் வந்த ஏபி 1705 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு (இந்த ஏபிக்கும் ஏபி தேர்வுக்கும் தொடர்பில்லை), அறிவியல், கணித மாணவர்களை நேராகக் கால்குலஸ் 1இல் சேர்த்து, தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு வைப்பது வழக்கமாகி வருகிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் அல்ஜீப்ராவும் திரிகோணமிதியும் ஆட்டம் காணுகிறவருக்குக் கால்குலஸ் 1இல் டெரிவேட்டிவ் புரியும், அதற்கடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கத் தெரியாமல் மதிப்பெண் போகும். பயிற்சி மையத்தில் உட்கார்ந்து பார்த்தால் கால்குலஸ் கேள்வி என்று கொண்டுவருவதில் பாதி உண்மையில் அல்ஜீப்ரா கேள்விதான். சேருவதற்கு முந்தின கோடையை அடுக்கு விதிகள், லாகரிதம், திரிகோணமிதி முற்றொருமைகள், சார்புகளின் வரைபடங்கள் இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஏபி கால்குலஸில் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர் அதே பாடத்தைக் காலேஜில் திரும்ப எடுத்தால் யூனிட் இரண்டு முறை சேராது. எந்த மதிப்பெண்ணுக்கு எந்தப் பாடம் கழிகிறது என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும், பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் படித்துவிட்டு வருகிறவர்கள் நேராகக் கால்குலஸ் 2க்குப் போக அனுமதி கேட்பார்கள். அனுமதி சில சமயம் கிடைக்கும், ஆனால் தாண்டிய பாடத்துக்கு யூனிட் கிடைக்காது. பல வருட இடைவெளி இல்லாமல் நேராக வந்தவராக இருந்தாலும் கால்குலஸ் 1ஐ எடுத்து ஒரு உறுதியான ஏ வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை. வணிக மாணவர்களுக்கான கால்குலஸ் என்று ஒன்று இருக்கும், சுலபம், நேரமும் வசதியாக இருக்கும். கணித மேஜருக்கு அது கணக்கில் வராது. அதே போல் புள்ளியியல் பாடம் பொதுப்பாடத்தின் கணிதப் பகுதியை நிரப்பும், மேஜருக்கு உதவாது.

6. மற்ற பாடங்களை இடைவெளிகளில் நிரப்புங்கள்

யூசிக்கு 60 செமஸ்டர் யூனிட், குவார்ட்டர் கணக்கில் 90. அதற்குள் ஏழு பாடங்கள் அடங்கிய குறைந்தபட்ச அமைப்பு ஒன்று இருக்கிறது: இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள், ஒரு கணிதம்; பிறகு கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து நான்கு. ஆங்கிலம் இரண்டையும் முதல் வருடத்திலேயே முடியுங்கள். கணித மாணவர்கள் தள்ளிப்போடுவது இதைத்தான், கடைசியில் தடுமாறுவதும் இதில்தான்.

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஐகெட்சிக்குப் பதிலாக கால்-கெட்சி என்ற பொதுப்பாட அமைப்பு: 11 பாடங்கள், 34 யூனிட், யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் ஒன்றே. மேடைப்பேச்சுப் பாடம் ஒன்றும் எத்னிக் ஸ்டடீஸ் ஒன்றும் இதில் கட்டாயம். இதை முழுவதும் முடிக்க வேண்டுமா என்றால், மேஜர் பாடங்களோடு மோதும்போது மேஜர் பாடத்துக்கே முன்னுரிமை கொடுங்கள். கணிதத் தயாரிப்பு குறைவாக இருப்பதைக் கால்-கெட்சி ஈடுகட்டாது.

இயற்பியல், புரோகிராமிங். இயற்பியல் எடுத்தால் கால்குலஸ் அடிப்படையிலான தொடரை எடுங்கள், திரிகோணமிதி மட்டும் வைத்து நடத்தும் இயற்பியல் உயிரியல் மாணவர்களுக்கானது. யூசிஎல்ஏவின் கணித மேஜர்கள் பிஐசி 10ஏ என்ற புரோகிராமிங் பாடம் கேட்கின்றன, அது சி பிளஸ் பிளஸ் மொழியில் நடப்பது. பைத்தான் தெரியும், போதும் என்று நினைக்காமல் உங்கள் காலேஜின் எந்தப் பாடம் அதற்கு இணை என்று அசிஸ்டில் பார்த்து அதையே எடுங்கள்.

ஒரே செமஸ்டரில் கணிதம், இயற்பியல், புரோகிராமிங் மூன்றும் வந்தால் நான்காவதாக இன்னொரு ஆய்வகப் பாடம் வேண்டவே வேண்டாம். பொதுப்பாடங்களைக் கோடையிலும் குளிர்காலக் குறும்பருவத்திலும் முடிப்பது நல்லது. கால்குலஸ் 2ஐ ஆறு வாரக் கோடையில் எடுப்பதைப் பற்றிக் கேட்டால், ஏற்கெனவே அதை ஒருமுறை பார்த்தவருக்கு மட்டும் சரி. தொகையிடும் முறைகளும் தொடர்களின் ஒருங்கலும் மனதில் ஊற நேரம் கேட்கும்.

7. சிஎஸ்யூ எண்ணம் இருந்தால் ஏஎஸ்-டி

டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம், கணிதத்தில் ஏஎஸ்-டி, பெரும்பாலான காலேஜ்களில் இருக்கிறது. 2010இல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின் விளைவு. இதை முடித்தவருக்குச் சிஎஸ்யூ அமைப்பில் ஒரு இடமும், அங்கே இன்னும் 60 செமஸ்டர் யூனிட்டில் பட்டத்தை முடிக்கும் உரிமையும் உண்டு. நீங்கள் கேட்கும் வளாகத்தில்தான் இடம் என்று உத்தரவாதம் இல்லை. மேலே சொன்ன கணித வரிசையும் கால்-கெட்சியும் முடித்தால் இந்தப் பட்டம் கிட்டத்தட்ட கூடவே வந்துவிடும், ஆகவே கவுன்சிலரிடம் கேட்டு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

ஏஎஸ்-டி இல்லாமல் போகிறவர்களும் பேச்சு, எழுத்து, விமர்சன சிந்தனை, கணிதம் ஆகிய நான்கு பாடங்களை சி மைனஸுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும். பேச்சுப் பாடத்தில் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

8. மதிப்பெண்

யூசியின் குறைந்தபட்ச ஜிபிஏ மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. அது கதவைத் தட்டுவதற்கான தகுதி மட்டுமே. மேஜர் பாடங்களின் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பார்கள்.

கணிதப் பாடத்தில் சி வாங்கினால் யூசி கணக்கில் அதைத் திரும்ப எடுத்து மாற்ற முடியாது. சி மைனஸோ அதற்குக் கீழோ என்றால்தான் திரும்ப எடுக்கலாம். இந்த விசித்திரமான விதியால், செமஸ்டர் நடுவில் சி நோக்கிச் சரிந்துகொண்டிருப்பவர் டபிள்யூ (பாடத்திலிருந்து விலகியதற்கான குறி) போட்டு விலகலாமா என்று யோசிப்பது நியாயம்தான். ஒரு டபிள்யூ ஒன்றும் செய்யாது. ஆனால் விலகினால் வரிசை ஒரு பருவம் பின்தள்ளும் என்பதையும், எஃப்-1 மாணவருக்கு 12 யூனிட்டுக்குக் கீழே போகும் என்பதையும், நிதியுதவி பாதிக்கப்படலாம் என்பதையும் முதலில் பாருங்கள். விலகும் கடைசித் தேதியைப் பருவத்தின் முதல் நாளே காலண்டரில் குறித்துவையுங்கள். மேஜர் பாடங்களைப் பாஸ், நோ பாஸ் முறையில் எடுக்கவே வேண்டாம்.

9. நிரூபணத்துக்கு இப்போதே பழகுங்கள்

இதை எந்த ஒப்பந்தப் பட்டியலும் கேட்காது. ஆனாலும் டிரான்ஸ்ஃபர் ஆன முதல் பருவத்தில் ஆட்கள் சரிவது இங்கேதான். காலேஜ் கால்குலஸில் கணக்கிடுவீர்கள், விடை வரும். பெர்க்லியின் 104, 110, 113, யூசிஎல்ஏவின் 115ஏ, 131ஏ போன்ற மேல்நிலைப் பாடங்களில் கேள்வியே ‘நிறுவுக’ என்றுதான் தொடங்கும். நான்கு வருடமும் அங்கேயே படிப்பவர் யூசி சான் டியேகோவின் மேத் 109 (நிரூபண அறிமுகப் பாடம்) மாதிரி ஒரு பாலத்தைச் சாவகாசமாகக் கடந்திருப்பார். உங்களுக்கு அந்தப் பாடமும் ரியல் அனாலிசிஸ் என்ற மேல்நிலைப் பாடமும் ஒரே வருடத்தில் வந்து நிற்கும்.

டிஸ்க்ரீட் மேத் உங்கள் வளாகம் கேட்காவிட்டாலும் எடுங்கள். தர்க்கம், கணங்கள், தொகுத்தறிதல் எல்லாம் அங்கே கிடைக்கும். கம்ப்யூட்டர் துறை நடத்தும் வகுப்பையும் கணிதத் துறை நடத்தும் வகுப்பையும் ஒப்பிட்டு, நிரூபணம் அதிகம் எழுதவைப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

லீனியர் அல்ஜீப்ரா வகுப்பில் பேராசிரியர் தவிர்க்கும் ‘காட்டுக’ வகைப் பயிற்சிகளை நீங்களாகச் செய்யுங்கள். ஒரு நேரியல் உருமாற்றத்தின் கெர்னல் ஓர் உள்வெளி (சப்ஸ்பேஸ்) என்பதையும், இரண்டு உள்வெளிகளின் வெட்டு உள்வெளியாக இருக்கும்போது சேர்ப்பு ஏன் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை என்பதையும் குறியீடுகளை மட்டும் அடுக்காமல் முழு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். பிறகு அதைப் பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸில் கொண்டுபோய்க் காட்டுங்கள். காலேஜில் வகுப்புகள் சிறியவை, பேராசிரியரே உங்கள் எழுத்தைத் திருத்துவார். யூசியில் முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அந்த வசதி கிடைப்பது கடினம்.

கணிதப் பயிற்சி மையத்தில் டியூட்டராகச் சேருவதும் நல்லது. சம்பளம் வரும், கால்குலஸ் 1 மறக்காது, விண்ணப்பத்தில் எழுதவும் விஷயம் கிடைக்கும்.

10. விண்ணப்பிக்கும் வருடம்

தேதிகள் சில வருடங்களில் ஒன்றிரண்டு நாள் நகரும், தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செப்டம்பர் மாதம் டாக் எனப்படும், டிரான்ஸ்ஃபர் இடத்துக்கான உத்தரவாத ஒப்பந்தத்துக்கானது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் டாக் கிடையாது. வளாகமும் மேஜரும் தனித்தனி நிபந்தனை வைத்திருக்கும், பொதுவாக 30 செமஸ்டர் யூனிட் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். டாக் போட்டுவிட்டு முறையான விண்ணப்பத்தை மறந்தவர்களும் உண்டு, இரண்டும் வேண்டும்.

யூசி விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் சமர்ப்பிக்கலாம், கடைசி நாள் நவம்பர் இறுதியையோ டிசம்பர் தொடக்கத்தையோ ஒட்டி வரும். சிஎஸ்யூவும் கிட்டத்தட்ட அதே காலம். ஒரு யூசி வளாகத்துக்கு 80 டாலர், வெளிநாட்டு மாணவருக்கு 95. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நான்கு வளாகங்கள் வரை கட்டண விலக்கு உண்டு.

யூசியில் நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள், எழுத வேண்டும். டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு அதில் ஒன்று கட்டாயம்: மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது. சிறு வயதிலிருந்தே எண்கள் மீது ஆசை என்று எழுதிச் சொற்களை வீணாக்காதீர்கள். எந்தப் பாடத்தில் எந்த இடம் உங்களைத் தூண்டியது, அதற்காக வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், மேல்நிலைப் பாடத்துக்குத் தயார் என்பதற்கு என்ன அடையாளம், இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

ஜனவரியில் ஃபால் மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும், கெடு ஜனவரி 31. இதைச் செய்யாமல் விட்டால் உங்கள் விண்ணப்பம் பாதி விவரத்தோடு நிற்கும். அதற்குப் பிறகு ஸ்பிரிங்கில் ஒரு பாடத்தை விட்டாலும், சேர்த்தாலும், சி மைனஸ் வந்தாலும் உடனே வளாகங்களுக்குத் தெரிவியுங்கள். தெரிவித்தவர்களுக்குப் பல சமயம் வழி கிடைக்கிறது.

11. இடம் கிடைத்த பிறகு

முடிவுகள் மார்ச், ஏப்ரலில் வரும். ஜூன் 1க்குள் ஒரு வளாகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஜூலை 1க்குள் படித்த எல்லாக் காலேஜ்களிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர வேண்டும். கால்-கெட்சி முடித்திருந்தால் அதன் சான்றிதழும் போக வேண்டும், அதன் கெடுவை வளாகத்தின் தளத்தில் பாருங்கள். சான்றிதழ் தானாகப் போகாது, கடைசியாகப் படித்த காலேஜில் கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஓரியன்டேஷனில் முதல் பருவப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு நிரூபணப் பாடங்களுக்கு மேல் வேண்டாம். பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசி வளாகங்கள் குவார்ட்டர் முறை: பத்து வாரம், மூன்றாம் வாரமே முதல் மிட்டெர்ம். செமஸ்டர் வேகத்தில் பழகியவருக்கு அது திடீரென்று வந்துவிடும். நிரூபண அறிமுகப் பாடம் முடிக்காதவராக இருந்தால் அதையும் மேல்நிலை லீனியர் அல்ஜீப்ராவையும் மட்டும் எடுத்து, மூன்றாவதாகப் புரோகிராமிங்கோ பொதுப்பாடமோ வைத்துக்கொண்டு, ரியல் அனாலிசிஸை அடுத்த பருவத்துக்கு விடுங்கள். அனாலிசிஸ் வகுப்பு எந்தப் பருவங்களில் நடக்கிறது என்பதை மட்டும் அந்த வாரமே துறையின் ஆலோசகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.